பழைய டேப்லெட், பழைய ஹெட்போன்: ஸ்பேஷியல் ஆடியோ கேட்க உண்மையில் என்ன வேண்டும்?

ஆறேழு வருடத்துக்கு முன் வாங்கிய டேப்லெட்டில் பாட்டு ஆப்பைத் திறந்தால், ஆல்பத்தின் பெயருக்குக் கீழே ‘டால்பி அட்மாஸ்’ என்ற சின்னம் தெரிகிறது. அதே டேப்லெட்டின் செட்டிங்ஸிலும் ‘டால்பி அட்மாஸ்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கலாம். ஹெட்போன் விளம்பரத்தில் ‘ஸ்பேஷியல் ஆடியோ’ என்கிறார்கள், இன்னொரு நிறுவனம் ‘360 ஆடியோ’ என்கிறது. ஓடிடி தளத்தில் படத்தின் விவரத்துக்குப் பக்கத்தில் வேறொரு சின்னம். இதெல்லாம் ஒன்றுதானா, வேறு வேறா? கையில் இருக்கும் பழைய டேப்லெட்டிலும் பழைய ஹெட்போனிலும் இது வேலை செய்யுமா, புதிதாக வாங்கியே ஆக வேண்டுமா? பலரும் தடுமாறுவது இங்கேதான்.

ஒரே பெயரின் கீழ் மூன்று தனித்தனி வேலைகளை அடைத்துவிட்டதால்தான் இத்தனை குழப்பம். அந்த மூன்றில் இரண்டுக்குப் பழைய கருவிகளே போதும். ஒன்றுக்கு மட்டும்தான் புதிய ஹெட்போன் கட்டாயம். அதைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன், காது எப்படித் திசை அறிகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு காதுக்கு எல்லாத் திசையும் தெரிவது எப்படி?

விளக்கை அணைத்த அறையில் ஒரு கொசு. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அது இடது காதோரம் வந்தது, நெற்றியைத் தாண்டியது, பின்கழுத்துப் பக்கம் இறங்குகிறது என்பதெல்லாம் நமக்குத் தெரிகிறது. கையும் அந்த இடத்துக்கே போகிறது. இதை மூளை மூன்று தடயங்களை வைத்துக் கணக்கிடுகிறது.

1. நேர வித்தியாசம். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் போகிறது. நேர் இடப்பக்கத்திலிருந்து வரும் ஒலி, தலையைச் சுற்றி வலது காதைத் தொடச் சுமார் 0.65 மில்லிவிநாடி தாமதமாகும். இதுதான் ஏறக்குறைய அதிகபட்சத் தாமதம். ஒலி நேர் முன்னால் இருந்து வந்தால் தாமதமே இல்லை. இடையில் உள்ள ஒவ்வொரு கோணத்துக்கும் ஒவ்வொரு தாமதம். ஒரு விநாடியை லட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்கு அளவுக்கு இரு காதுக்கும் வித்தியாசம் இருந்தாலே மூளை கண்டுபிடித்துவிடும்.

2. அளவு வித்தியாசம். தலை ஒரு தடுப்புச் சுவர் மாதிரி. இடப்பக்க ஒலி வலது காதுக்குச் சற்றுத் தணிந்தே கேட்கும். கீழ்ச்சுருதி ஒலிகள் தலையை வளைத்துக்கொண்டு போய்விடும், மேல்சுருதி ஒலிகளைத்தான் தலை மறைக்கும். அதனால் சுமார் 1,500 ஹெர்ட்ஸுக்குக் கீழே நேர வித்தியாசமும் அதற்கு மேலே அளவு வித்தியாசமும் முக்கியமாக வேலை செய்கின்றன. இந்தப் பங்கீட்டை இங்கிலாந்து இயற்பியலாளர் ரேலி பிரபு 1907ஆம் ஆண்டிலேயே விளக்கினார்.

3. காதுமடல். முதல் இரண்டையும் வைத்து இடமா வலமா என்று சொல்லலாம். முன்னாலா பின்னாலா, மேலா கீழா என்று சொல்ல முடியாது. நேர் முன்னால் பேசுபவரின் குரலும் நேர் பின்னால் பேசுபவரின் குரலும் இரு காதுகளுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில்தானே வந்து சேரும்? அங்கேதான் காதுமடலின் மடிப்புகள் உதவுகின்றன. ஒலி எந்தத் திசையில் இருந்து வந்து மடிப்பில் மோதுகிறதோ, அதற்கேற்பச் சில மேல்சுருதிகள் தூக்கலாகும், சில அமுங்கும். 4,000, 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே நடக்கும் இந்த நுட்பமான நிறமாற்றத்தைப் பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு மூளை மனப்பாடம் செய்துவைத்திருக்கிறது.

இதற்கும் மேலே ஒன்று உண்டு: தலையசைவு. சந்தேகம் வந்தால் நாம் அறியாமலே தலையைக் கொஞ்சம் திருப்புகிறோம். வலப்பக்கம் திருப்பும்போது ஒலி இடது காதுக்கு முந்தினால் அது முன்னால் இருக்கிறது, வலது காதுக்கு முந்தினால் பின்னால் இருக்கிறது. உளவியலாளர் ஹன்ஸ் வாலாக் 1940இல் இதைச் சோதனைகளோடு எழுதினார். தலையைப் பின்தொடரும் ‘ஹெட் டிராக்கிங்’ பற்றிப் பிறகு பேசும்போது இது மறுபடி வரும்.

ஒரு திசையிலிருந்து வரும் ஒலியைத் தலையும் தோளும் காதுமடலும் சேர்ந்து எப்படி மாற்றுகின்றன என்பதன் முழுக் கணக்குக்கு ‘ஹெட் ரிலேட்டட் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன்’ என்று பெயர். தலைசார் ஒலிமாற்றம் என்று வைத்துக்கொள்ளலாம். காதுக்குள் சிறு மைக்குகளைப் பொருத்தி, சுற்றிலும் பல திசைகளில் ஸ்பீக்கர் வைத்து ஒலிக்கவிட்டு அளப்பார்கள். ஒவ்வொருவர் காதும் வேறு வடிவம் என்பதால் ஒவ்வொருவருக்கும் இந்தக் கணக்கு வேறு. ஒரே பாட்டை ஒரே ஹெட்போனில் கேட்டு ஒருவர் ‘அட, தலைக்குப் பின்னால் கேட்கிறது’ என்று வியப்பதற்கும் இன்னொருவர் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று கழற்றி வைப்பதற்கும் இது ஒரு பெரிய காரணம். இருவர் சொல்வதும் உண்மையே.

ஹெட்போனில் பாட்டு தலைக்குள்ளேயே நிற்பது ஏன்?

அறையில் இரண்டு ஸ்பீக்கர் வைத்துக் கேட்டால் இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதுக்கும் போகும், கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் தணிந்து. சுவரில் பட்டும் திரும்பி வரும். ஹெட்போனில் இவை எதுவும் கிடையாது. இடது சேனல் இடது காதுக்கு மட்டும், வலது சேனல் வலது காதுக்கு மட்டும். காதுக்குழாயில் செருகும் இயர்போனாக இருந்தால் காதுமடலுக்கும் வேலை இல்லை. தலையைத் திருப்பினாலும் ஒலி கூடவே திரும்பிவிடுகிறது. இயற்கையில் அப்படி எந்த ஒலியும் நடந்துகொள்வதில்லை. வெளியே இருப்பதற்கான தடயம் எதுவும் கிடைக்காததால், இந்த ஒலி தலைக்குள் இருக்கிறது என்று மூளை முடிவுகட்டிவிடுகிறது. பாடகர் இரு புருவங்களுக்கு நடுவே, வயலின் இடது காதுக்குள், தபேலா வலது காதுக்குள்.

விட்டுப்போன அந்தத் தடயங்களைக் கணக்குப் போட்டுத் திரும்பச் சேர்ப்பதுதான் ஸ்பேஷியல் ஆடியோ.

ஒரே பெயரில் மூன்று வேலைகள்

முதல் வேலை, உள்ளடக்கம். ஒலி எங்கே இருக்க வேண்டும் என்ற தகவல் பதிவிலேயே இருக்க வேண்டும். 2012இல் திரையரங்குகளுக்கு வந்த டால்பி அட்மாஸின் புதுமை இதில்தான். அதற்கு முன்பு ‘இந்த ஒலி இந்த ஸ்பீக்கருக்கு’ என்று பதிவு செய்தார்கள். அட்மாஸில் ‘இந்த ஹெலிகாப்டர் ஒலி, இந்த நொடியில், அறையின் இந்த இடத்தில்’ என்று ஒலியோடு இடத்தையும் எழுதிவைக்கிறார்கள். அதிகபட்சம் 128 தடங்கள், 64 ஸ்பீக்கர் வெளியீடுகள் வரை போகலாம். அரங்கில் எத்தனை ஸ்பீக்கர் இருக்கிறதோ அதற்கேற்பக் கருவியே பிரித்துக் கொடுக்கும். சோனியின் ‘360 ரியாலிட்டி ஆடியோ’ 2019இல் வந்தது. ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனில் அட்மாஸ் பாடல்களைக் கொடுக்கத் தொடங்கியது. உரிமக் கட்டணம் இல்லாத ஒரு திறந்த வடிவத்தைக் கூகுளும் சாம்சங்கும் ‘எக்லிப்ஸா ஆடியோ’ என்ற பெயரில் இப்போது முன்வைக்கின்றன.

இரண்டாவது வேலை, ரெண்டரிங். அந்த 128 தடங்களையும் கடைசியில் இரண்டே சேனலாகச் சுருக்கி ஆக வேண்டும், நமக்கு இருப்பது இரண்டு காது. சுருக்கும்போது ஒவ்வொரு ஒலிக்கும் அதன் திசைக்குரிய தாமதம், அளவு, காதுமடல் நிறமாற்றம் எல்லாவற்றையும் கலந்துவிட வேண்டும். இப்படி இரு காதுகளுக்கென்றே தயாராகும் ஒலிக்கு ‘பைனாரல்’ என்று பெயர். இதற்குப் பெரிய கணினி வலு தேவை என்று நினைக்க வேண்டியதில்லை. 1990களின் பிற்பகுதியிலேயே கம்ப்யூட்டர் சவுண்ட் கார்டுகளில் ஆரியல் நிறுவனத்தின் ‘ஏ3டி’ நுட்பம் இருந்தது. விளையாட்டில் எதிரி பின்னால் வந்தால் சாதாரண ஹெட்போனில் பின்னால் கேட்கவைத்தது. பத்து வருடப் பழைய டேப்லெட்டின் சிப்கூட அந்தக் கார்டுகளைவிடப் பல மடங்கு வலுவானது.

மூன்றாவது வேலை, ஹெட் டிராக்கிங், அதாவது தலையைப் பின்தொடர்வது. நீங்கள் தலையைத் திருப்பும்போது, பேசும் குரல் திரை இருக்கும் இடத்திலேயே நிற்க வேண்டும். அதற்கு ஹெட்போனுக்குள் அசைவை அளக்கும் உணரிகள் வேண்டும், அந்த அளவை உடனுக்குடன் டேப்லெட்டுக்கு அனுப்ப வேண்டும், டேப்லெட் ரெண்டரிங்கை அதற்கேற்ப மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 2020 செப்டம்பரில் ஏர்பாட்ஸ் புரோவுக்கு ஆப்பிள் கொடுத்தது இதைத்தான். ‘ஸ்பேஷியல் ஆடியோ’ என்ற சொல் பொதுமக்கள் வாயில் புழங்கத் தொடங்கியதும் அப்போதுதான். அதனாலேயே தலையைப் பின்தொடர்ந்தால்தான் ஸ்பேஷியல் ஆடியோ என்று பலர் மனதில் பதிந்துவிட்டது.

இதில் ஒரு விஷயம் பலரைச் சறுக்கவைக்கிறது. இசை கேட்க வழக்கமாகப் பயன்படும் ப்ளூடூத் முறையில் ஹெட்போனுக்குப் போவது இரண்டு சேனல்தான். அட்மாஸ் கோப்பு அப்படியே ஹெட்போனுக்குப் போவதில்லை. சுருக்கும் வேலை டேப்லெட்டில் முடிந்து, சாதாரண ஸ்டீரியோவாகத்தான் கிளம்புகிறது. ஆகவே அட்மாஸ் பாட்டின் பைனாரல் வடிவத்தைக் கேட்க, அட்டையில் ‘அட்மாஸ்’ என்று அச்சிட்ட ஹெட்போன் அவசியமில்லை. இரு காதுக்கும் சரியாக ஒலிக்கும் எந்த ஹெட்போனும் போதும்.

பழைய டேப்லெட் எங்கே தடுக்கிறது?

நன்றாக ஆவணப்படுத்தப்பட்ட ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்: 2018இல் வந்த ஆறாம் தலைமுறை ஐபேட். 9.7 அங்குலத் திரை, ஏ10 சிப், 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் துளை. விலை குறைந்த மாடல்தான். ஆனால் ஹெட் டிராக்கிங்குடன் ஸ்பேஷியல் ஆடியோ கிடைக்கும் கருவிகளின் பட்டியலில் இது இருக்கிறது. 2017இல் வந்த 10.5 அங்குல ஐபேட் புரோவின் சிப் ஏ10எக்ஸ், வலுவில் இதை மிஞ்சியது. நான்கு ஸ்பீக்கர் வேறு. அது பட்டியலில் இல்லை. இரண்டுக்கும் மென்பொருள் ஐபேட்ஓஎஸ் 17 வரைதான், அதிலும் வித்தியாசம் இல்லை. ஆகவே விலையையோ வயதையோ பார்த்து ஊகிப்பதில் பயனில்லை. நிறுவனத்தின் பட்டியலைப் பார்ப்பது ஒன்றே வழி.

ஆனால் அந்தப் பட்டியல் மூன்றாவது வேலைக்கு மட்டும். அட்மாஸ் பாடலை ஹெட்போனில் பைனாரலாகக் கேட்பதற்கான விதி இதைவிடத் தளர்வானது. ஆப்பிள் மியூசிக்கில் அட்மாஸ் அமைப்பு ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருந்தால், டபிள்யூ1 அல்லது எச்1 சிப் உள்ள பழைய ஏர்பாட்ஸ், பீட்ஸ் ஹெட்போன்களைத் தானே அடையாளம் கண்டு அட்மாஸை ஒலிக்கும். உங்களுடையது சாதாரண ஒயர் ஹெட்போன் என்றால் அதற்கு அடையாளம் தெரியாது, ஸ்டீரியோவையே கொடுக்கும். அதே அமைப்பை ‘ஆல்வேஸ் ஆன்’ என்று மாற்றினால் எந்த ஹெட்போனிலும் வரும். என் டேப்லெட்டில் அட்மாஸ் வரவில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய முதல் இடம் இது. செட்டிங்ஸில் மியூசிக், அதற்குள் டால்பி அட்மாஸ்.

ஆண்ட்ராய்டில் நிலைமை சிக்கலானது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஸ்பேஷியல் ஆடியோவுக்கும் ஹெட் டிராக்கிங்குக்கும் பொதுவான ஏற்பாடு 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13இல்தான் முறையாக இடம்பெற்றது. அதிலும் டேப்லெட் தயாரிப்பாளர் சேர்த்தால்தான் உண்டு. ஆண்ட்ராய்டு 9, 10 என்று நின்றுவிட்ட டேப்லெட்டுக்கு அது வராது. 2021இல் கேலக்ஸி பட்ஸ் புரோவோடு வந்த சாம்சங்கின் ‘360 ஆடியோ’வும் சாம்சங் கருவிகளுக்குள் மட்டும் வேலை செய்யும் ஏற்பாடு.

அப்படியானால் பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட்டின் செட்டிங்ஸில் இருக்கும் ‘டால்பி அட்மாஸ்’ சுவிட்ச் என்ன? டேப்லெட்டுகளில் இந்தப் பெயர் 2014இலேயே வந்துவிட்டது. அமேசானின் ஃபயர் எச்டிஎக்ஸ் 8.9 முதல் டேப்லெட். 2018இன் கேலக்ஸி டேப் எஸ்4இலும் உண்டு. அந்த சுவிட்ச், வருகிற எந்த ஒலியையும், சாதாரண ஸ்டீரியோவாக இருந்தாலும், அகலமாக்கிக் கொடுக்கும். பாட்டிலேயே இடத்தகவல் இருப்பதும், இல்லாத இடத்தில் கருவி ஊகித்து அகலப்படுத்துவதும் ஒன்றாகாது. ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்ததால் வந்த வினை இது. வாங்குபவர் பக்கம் தவறே இல்லை.

பழைய டேப்லெட்டின் சொந்த ஸ்பீக்கரில் இதை எதிர்பார்க்க வேண்டாம். மேலே சொன்ன ஆறாம் தலைமுறை ஐபேடில் இரண்டு ஸ்பீக்கரும் கீழ் விளிம்பில் அருகருகே இருக்கின்றன. படம் பார்க்க டேப்லெட்டைப் படுக்கையாகப் பிடித்தால் இரண்டும் ஒரே பக்கம் வந்துவிடும். இடம் வலம் என்பதே போய்விட்ட பிறகு முன்னால் பின்னால் எங்கிருந்து வரும்?

டேட்டா செலவையும் சொல்லிவிட வேண்டும். ஆப்பிள் மியூசிக்கின் அட்மாஸ் பாட்டு விநாடிக்கு 768 கிலோபிட் வரை போகும். நான்கு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 23 எம்பி. வழக்கமான 256 கிலோபிட் பாட்டுக்கு எட்டு எம்பிக்கும் குறைவு. நினைவகம் நிரம்பிய பழைய டேப்லெட்டில் டவுன்லோடு செய்து வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது.

பழைய டேப்லெட்டுக்கு மிகவும் கைகொடுக்கும் வழி ஒன்று உண்டு: ரெண்டரிங்கை ஸ்ட்ரீமிங் நிறுவனமே முடித்து, இரண்டு சேனலாகவே அனுப்பிவிடுவது. 2022 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ், சென்ஹைசரின் ‘ஆம்பியோ’ நுட்பத்தில் இதைத் தொடங்கியது. டேப்லெட் பார்வைக்கு அது சாதாரண ஸ்டீரியோ. அதனால் சிப்பும் பட்டியலும் குறுக்கே வராது, ஹெட்போனும் எதுவாகவும் இருக்கலாம். பின்னர் இந்த வசதி பிரீமியம் திட்டத்துக்கு என்றானது ஒரு குறை. இருந்தாலும் பழைய கருவிகளை வைத்திருப்பவர்களை மதித்த தீர்வு இது என்பது என் கருத்து.

பழைய ஹெட்போனில் எது கெட்டால் இடம் கெடும்?

ஹெட்போனின் விலையைவிட அதன் நிலைதான் முக்கியம். இடத்தை உணர்த்தும் தடயங்கள் மிக நுட்பமானவை. பாட்டு கேட்க ‘பரவாயில்லை’ என்று தோன்றும் கோளாறுகூட அவற்றைக் கலைத்துவிடும்.

1. மேல்சுருதி. மேல், கீழ், முன், பின் தடயங்கள் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதைப் பார்த்தோம். பாஸை மட்டும் தூக்கிக் கொடுத்து மேல்சுருதியை மழுக்கிய ஹெட்போனில் இடம், வலம் தெரியும், உயரம் தெரியாது. வயது கூடக்கூட நம் காதிலேயே மேல்சுருதி குறைகிறது என்பதால் பெரியவர்களுக்கு உயர உணர்வு மங்கலாகவே கிடைக்கலாம். அது கருவியின் கோளாறு ஆகாது.

2. இரு பக்க அளவு. இயர்போனின் சிறு வலையில் காது அழுக்கு படிந்தால் அந்தப் பக்கம் சத்தம் குறையும், குறிப்பாக மேல்சுருதி. உடனே எல்லா ஒலியும் மறுபக்கம் ஒதுங்கும். ஒரு பல்பு வெளிச்சத்துக்கு எதிரே வலையைப் பிடித்துப் பாருங்கள். துளைகள் அடைபட்டிருப்பது கண்ணுக்கே தெரியும். காய்ந்த மென்மையான டூத்பிரஷால், வலை கீழே பார்க்கும்படி பிடித்துத் துடைத்தால் தூள் உள்ளே விழாது.

3. ஒயர் பிளக். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மைக் உள்ள இயர்போனின் பிளக்கில் மூன்று கருப்பு வளையங்கள், அவற்றால் பிரிந்த நான்கு உலோகப் பகுதிகள் இருக்கும். நுனி இடது சேனல், அடுத்தது வலது, மற்ற இரண்டும் கிரவுண்டும் (இரு சேனலுக்கும் பொதுவான திரும்பு வழி) மைக்கும். பிளக் முழுதாக இறங்காமல் கிரவுண்ட் தொடாமல் போனால் விசித்திரமான ஒன்று நடக்கும். இரு சேனலுக்கும் இடையிலான வித்தியாசம் மட்டும் ஒலிக்கும். பாடகரின் குரல் இரு சேனலிலும் சமமாக இருப்பதால் அது அடிபட்டுப் போகும். ஓரத்து வாத்தியங்களும் எதிரொலியும் மட்டும் மிஞ்சி, ஏதோ பெரிய மண்டபத்தில் குரல் தொலைவில் கரைவதுபோல் இருக்கும். இதைக் கேட்டு ‘சரவுண்ட் வந்துவிட்டது’ என்று நினைப்பவர்கள் உண்டு. குரல் காணாமல் போனால் அது கோளாறு. பழைய டேப்லெட்டின் துளையில் துணிப்பஞ்சு சேர்ந்து பிளக் இறங்காமல் இருக்கலாம். சில பழைய இயர்போன்களில் கிரவுண்டும் மைக்கும் இடம்மாறி இருக்கும், அதிலும் இதே குறிதான்.

4. ப்ளூடூத். தாமதத்தால் படத்தில் உதடும் குரலும் பொருந்தாமல் போகலாம், ஆனால் இட உணர்வு கெடாது. இரு காதுக்கும் தாமதம் ஒன்றுதானே. இன்னொன்று பெரிய சிக்கல்: ஏதாவது ஆப் மைக்கைத் திறந்தால் ஹெட்போன் அழைப்பு முறைக்கு மாறி, ஒலி மோனோவாகிவிடும். திடீரென்று பாட்டு போன் கால் மாதிரி சுருங்கினால் பின்னணியில் வீடியோ கால் ஆப்போ ரெக்கார்டரோ ஓடுகிறதா என்று பாருங்கள்.

சோதித்துப் பார்க்கும் வரிசை

எடுத்த எடுப்பில் அட்மாஸ் பாட்டைப் போட்டு முடிவு சொல்லக் கூடாது. கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏறினால்தான் எங்கே தடை என்று தெரியும்.

1. மோனோ அமைப்பை அணையுங்கள். ஐபேடில் ஆக்சசிபிலிட்டிக்குள் ஆடியோ பகுதியில் ‘மோனோ ஆடியோ’ இருக்கும், ஆண்ட்ராய்டிலும் ஆக்சசிபிலிட்டியில்தான். ஒரு காது மந்தமானவர்களுக்காக வைத்த நல்ல வசதி அது. வீட்டில் யாருக்காகவோ எப்போதோ போட்டது அப்படியே நின்றிருக்கலாம். அதே இடத்தில் இடம்-வலம் சரிசெய்யும் பட்டை நடுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. இடது, வலது சரியான காதில் இருக்கிறதா? மாற்றி மாட்டினால் பாட்டு கெடாது, ஆனால் திரையில் இடப்பக்கம் போகும் வண்டி வலப்பக்கம் கேட்கும்.

3. ஒருவர் மட்டும் பேசும் பதிவைப் போட்டுக் கண்ணை மூடுங்கள். செய்தி வாசிப்பு நல்லது. குரல் மூக்குக்கு நேரே, நடுவில் நிற்க வேண்டும். ஒருபக்கம் சாய்ந்தால் ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பாருங்கள். சாய்வு மறுபக்கம் போனால் கோளாறு ஹெட்போனிலோ டேப்லெட்டிலோ இருக்கிறது. அதே பக்கம் நின்றால் அது உங்கள் காதின் வித்தியாசம்.

4. டேப்லெட்டின் எல்லா ஒலி மேம்பாட்டு சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு ஒரு பைனாரல் பதிவைக் கேளுங்கள். மனிதத் தலை வடிவிலான பொம்மையின் காதுகளில் மைக் வைத்துப் பதிந்தவை இவை. முடிவெட்டும் கத்தரி காதோரம் சுற்றுவது, காதருகே கிசுகிசுப்பது போன்ற பதிவுகள் இணையத்தில் தாராளம். இது வெறும் ஸ்டீரியோ கோப்பு, எந்தப் பழைய கருவியிலும் ஓடும். கத்தரி பின்காதில் கேட்டால் உங்கள் காது, ஹெட்போன், டேப்லெட் மூன்றும் தயார். இங்கேயே எதுவும் கேட்காவிட்டால் அட்மாஸிலும் பெரிதாகக் கேட்காது.

5. யூடியூப் ஆப்பில் ஸ்பேஷியல் ஒலியுள்ள 360 டிகிரி வீடியோ ஒன்றைப் போடுங்கள். 2016 ஏப்ரலிலிருந்து யூடியூப் இதை ஏற்கிறது. சுற்றுப்புறம் முழுவதையும் நான்கு சேனலில் பிடிக்கும் ‘ஆம்பிசோனிக்ஸ்’ முறை இது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு டேப்லெட்டை ஒரு சுற்று திருப்பினால், திரையில் காட்சி திரும்புவதோடு ஒலியும் இடம் மாறும். இங்கே உணரி டேப்லெட்டில் இருக்கிறது, ஹெட்போனில் இல்லை. ஜைரோஸ்கோப் (திரும்புவதை அளக்கும் உணரி) உள்ள பழைய டேப்லெட்டில், சாதாரண ஒயர் ஹெட்போனில், தலைக்குப் பதில் டேப்லெட்டை அசைத்து மூன்றாவது வேலையை ருசி பார்க்கும் வழி இதுதான். எல்லா 360 வீடியோவிலும் இந்த ஒலி இருக்காது, ஒன்றிரண்டை மாற்றிப் பார்க்க வேண்டும்.

6. கடைசியாக அட்மாஸ் பாட்டு. அட்மாஸ், ஸ்டீரியோ என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் வால்யூமைச் சமப்படுத்துங்கள். அட்மாஸ் கலவைக்கு ஒலியளவு வரம்பு உண்டு, அதே பாட்டின் ஸ்டீரியோ வடிவம் பெரும்பாலும் அதைவிடச் சத்தமாக இருக்கும். சத்தம் கூடியது நன்றாக இருப்பதாகக் காதுக்குத் தோன்றும். சமப்படுத்தாமல் கேட்டு ‘அட்மாஸ் மங்கலாக இருக்கிறது’ என்று பலர் சொல்வதன் பாதிக் காரணம் இதுதான்.

இரண்டு முறை பதப்படுத்தக் கூடாது

பழைய டேப்லெட்டில் அடிக்கடி நடக்கும் தவறு இது. ஆப் ஏற்கெனவே பைனாரலாக்கி அனுப்புகிறது. டேப்லெட்டின் ‘சரவுண்ட்’ சுவிட்சும் போட்டிருக்கிறது. ஹெட்போனின் ஆப்பிலும் ‘3டி’ என்று ஒன்றை யாரோ தட்டிவிட்டார்கள். இடது காதுக்கென்று அளந்து வைத்த தாமதத்தை அடுத்த கருவி எடுத்து வலது காதுக்கும் கலக்கிறது, எதிரொலி மேல் எதிரொலி ஏறுகிறது. குரல் குளியலறையில் இருந்து வருவதுபோல் ஆகும், பாடல் வரி புரியாது. எந்த நேரத்திலும் ஒரே ஓர் இடத்தில்தான் ரெண்டரிங் நடக்க வேண்டும். ஆப்பில் அட்மாஸ் என்றால் மற்ற இரண்டையும் அணைத்துவிடுங்கள். நெட்ஃபிளிக்ஸின் ஸ்பேஷியல் ஒலிக்கும் பைனாரல் பதிவுகளுக்கும் இதே விதிதான்.

எந்தப் பாட்டில் பலன் உண்டு?

தனித்தனித் தடங்களை எடுத்து ஸ்டுடியோவில் புதிதாகக் கலந்த அட்மாஸ் பதிவில் பலன் தெரியும். பின்னணிக் குரல்கள் தோளுக்குப் பின்னே நகரும், நடுவில் பாடகருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

சாதாரண ஸ்டீரியோவைக் கருவியே விரித்துக் கொடுக்கும் ஆப்பிளின் ‘ஸ்பேஷியலைஸ் ஸ்டீரியோ’ 2021இல் ஐஓஎஸ் 15ஓடு வந்தது. அது பாட்டை மறுகலவை செய்வதில்லை. உங்கள் முன்னால் இரண்டு ஸ்பீக்கரை வைத்ததுபோல் காட்டுகிறது, அவ்வளவுதான். நீண்ட நேரம் கேட்பவர்களுக்குத் தலைக்குள் அழுத்தும் உணர்வு குறையலாம்.

நம் வீடுகளில் அதிகம் ஒலிக்கும் 1950, 60களின் திரைப்பாடல்கள் மோனோ. குரலும் வயலினும் தபேலாவும் ஒரே தடத்தில் இறுகிக் கிடக்கின்றன. அவற்றை எந்த சுவிட்சும் பிரித்து இடமும் வலமும் வைக்காது. ஓர் அறையின் எதிரொலியைத்தான் மேலே பூசும். அந்தப் பாடல்களுக்கு எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, பதிவு செய்தவர் கேட்டபடியே கேட்பது நல்லது. குரல் இன்னும் நெருக்கமாக வரும்.

பணம் செலவழிப்பதானால்

படம் பார்க்கும்போது தலையைத் திருப்பினாலும் குரல் திரையிலேயே நிற்க வேண்டும் என்பது உங்கள் ஆசையானால், உணரியுள்ள ஹெட்போன் வேண்டும், டேப்லெட்டும் அந்த ஹெட்போன் நிறுவனத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் அந்த வசதி வராது, ஆகவே ஹெட்போனை மட்டும் அவசரமாக வாங்க வேண்டாம். முதலில் டேப்லெட்டின் மாடல் எண்ணைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். உங்கள் காதின் வடிவத்துக்கேற்ப ஒலியை அமைக்க ஆப்பிள் 2022இல் கொண்டுவந்த ‘பர்சனலைஸ்டு’ வசதிக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. காதை அளக்க முகம் அறியும் கேமரா உள்ள ஐபோன் வேண்டும். வீட்டில் யாரிடமாவது இருந்தால் உங்கள் கணக்கில் ஒருமுறை அளந்துகொண்டால் போதும், அதே கணக்கில் இருக்கும் ஐபேடுக்கும் வந்துவிடும்.

பாட்டு மட்டும் கேட்பவருக்கு இவ்வளவும் தேவையில்லை. மேலே சொன்ன ஆறு படிகளில் நான்காவது படி தேறிவிட்டால் கையில் இருக்கும் ஹெட்போனை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஹெட்போன் என்றால் காதுமெத்தையை மட்டும் கவனியுங்கள். தோல் உரிந்து, பஞ்சு தட்டையாகிப்போன மெத்தை காதைச் சுற்றிச் சரியாகப் பொருந்தாது, ஒருபக்கம் காற்று கசிந்து பாஸ் குறையும், நடுவில் நிற்க வேண்டிய குரல் சரியும். பல மாடல்களுக்கு மெத்தை மட்டும் தனியாகக் கிடைக்கிறது. பழையதை இழுத்துக் கழற்றிப் புதியதை விளிம்பில் மாட்ட ஐந்து நிமிடம் ஆகும். மாட்டிய பிறகு மூன்றாவது சோதனையை, அந்தச் செய்தி வாசிப்பை, மறுபடி ஒருமுறை கேளுங்கள்.